ஒரு மில்லிமீட்டர் என்றால் 7,140 லிட்டர்

சர்வதேசக் கால்பந்து மைதானத்தின் வழக்கமான அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெருக்கினால் 7,140 சதுர மீட்டர். அதன்மேல் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 7,140 லிட்டர் தண்ணீர். 1 மி.மீ. என்பது யாரும் குடை தேடாத தூறல். அதற்கே சென்னையில் தெருத்தெருவாக ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பாதிக்கு மேல் நிரம்பிவிடும். மணிக்கு 25 மி.மீ. வேகத்தில் அடித்துப் பெய்யும் மழையில் 90 நிமிட ஆட்டத்தை ஆடி முடித்தால், அதற்குள் புல்தரையில் இறங்கியிருப்பது 2,67,750 லிட்டர். லாரிக் கணக்கில் 22 லோடு.

இந்தக் கணக்கை எந்த ஊர் மைதானத்துக்கும் போடலாம். நான் மேகாலயாவுக்குப் போடுகிறேன். உலகிலேயே அதிக மழை பெய்யும் மலை அங்கே இருக்கிறது. மாநிலத் தலைநகரமான ஷில்லாங், கால்பந்தைச் சோறுபோல் பாவிக்கும் ஊர். 50 ஆண்டுகளுக்கு மேலாக ஓயாத எல்லைச் சண்டையும் அங்கே உண்டு. மழை, பந்து, எல்லை ஆகிய மூன்றுக்கும் எண்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்த்தால் எது மலிவு, எது விலை அதிகம் என்பது ஓரளவு தெரியும்.

முதலில் மழைப் பக்கம். பள்ளியில் காரோ, காசி, ஜெயந்தியா என்று மனப்பாடம் செய்த குன்றுகள்தான் இன்றைய மேகாலயா. வங்காள விரிகுடாவிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று வங்கதேசத்தின் சமவெளியைத் தடையில்லாமல் கடந்து வந்து, காசி மலையின் தெற்குச் சரிவில் செங்குத்தாக ஏறுகிறது. ஏறும்போதே குளிர்ந்து கொட்டிவிடுகிறது. சிரபுஞ்சியின் ஆண்டுச் சராசரி சுமார் 11,777 மி.மீ.; அருகிலுள்ள மௌசின்ராம் அதைவிடச் சற்று கூடுதல். சிரபுஞ்சியில் ஒரு கால்பந்து மைதானம் இருந்து, ஆண்டு முழுக்க அதன்மேல் விழுந்த மழையைப் பிடித்து வைத்தால் 8.4 கோடி லிட்டர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதே மைதானத்துக்கு 1 கோடி லிட்டர். கணக்கை எளிதாக்க அமைந்ததுபோல் சென்னை எண் அவ்வளவு சீராக வருகிறது.

சராசரியை விட்டுச் சாதனைக்கு வந்தால் எண்கள் நம்பும்படியாக இருக்காது. 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரையிலான 12 மாதங்களில் சிரபுஞ்சியில் பெய்தது 26,461 மி.மீ. அதில் 1861 ஜூலை மாதம் மட்டும் 9,300 மி.மீ.; நாளுக்கு 300 மி.மீ. வீதம், 31 நாளும். 1995 ஜூன் 15, 16 ஆகிய இரு நாட்களில் அங்கே பதிவான 2,493 மி.மீ. மழையை, 48 மணி நேரத்துக்கான உலகச் சாதனையாக உலக வானிலை அமைப்பு ஏற்றிருக்கிறது. கோல் மேல்சட்டத்தின் கீழ்விளிம்பு விதிப்படி 2.44 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த 48 மணி நேர மழை வழியாமலும் வடியாமலும் மைதானத்திலேயே நின்றிருந்தால், அந்த விளிம்புக்கும் மேலே 5 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறியிருக்கும். மொத்தம் 1 கோடியே 78 லட்சம் லிட்டர். அண்மைக்கு வந்தால் 2022 ஜூன் 17: ஒரே நாளில் சிரபுஞ்சியில் 972 மி.மீ., மௌசின்ராமில் 1,003.6 மி.மீ. நம் தாம்பரத்தில் 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் பதிவாகி ஊரையே முடக்கிய மழை 49 செ.மீ. சிரபுஞ்சியின் அந்த ஒரு நாள் மழை அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நல்லவேளையாக ஷில்லாங் சிரபுஞ்சி இல்லை. இரண்டுக்கும் இடையே சாலைவழி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் காற்று தெற்குச் சரிவிலேயே சுமையை இறக்கிவிடுவதால், 1,500 மீட்டர் உயரத்தில் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஷில்லாங்குக்கு ஆண்டுக்கு 2,200 மி.மீ. அளவில்தான் கிடைக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு. மைதானக் கணக்கில் 1.57 கோடி லிட்டர். அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் விழுகிறது. 1888இல் தொடங்கிய டூரண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடப்பதும் சரியாக அந்த மாதங்களில்தான். 2024இல் முதன்முறையாக ஷில்லாங்குக்கு டூரண்ட் ஆட்டங்கள் வந்தபோது தேதி ஜூலை 27 முதல் ஆகஸ்டு 31 வரை. மொத்தம் 24 அணிகள், 43 ஆட்டங்கள், 4 ஊர்கள். மழைக்காலத்தைத் தேடிப்பிடித்து அட்டவணை போட்டதுபோல் இருக்கும்.

மழை ஆட்டத்தைக் கெடுக்குமா என்பது வானத்தைவிடத் தரையைப் பொறுத்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை என்கிறது, 115.6 தாண்டினால் மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதிகனமழை. மைதானத்துக்கு இவை முறையே 4.6 லட்சம், 8.25 லட்சம், 14.6 லட்சம் லிட்டர். 24 மணி நேரத்தில் பரவலாக விழும் 14 லட்சம் லிட்டரைக்கூட நல்ல மைதானம் குடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. கொட்டும் மேகவெடிப்பில் 7 லட்சம் லிட்டர் விழுந்தால் எந்த மைதானமும் திணறும். நாள் மொத்தத்தைப் பார்த்து ஆட்டத்தை ரத்து செய்யும் அமைப்பாளரைவிட, மணிக்கணக்கைப் பார்க்கும் பராமரிப்பாளர் சொல்வதைக் கேட்கலாம்.

களிமண் தரை மணிக்கு 5 மி.மீ. தண்ணீரை உள்ளே விட்டாலே அதிகம். மணல் அடுக்கு போட்டு, அடியில் சரளையும் துளைக்குழாய்களும் பதித்த தரை அதைப் போலப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். மணிக்கு 25 மி.மீ. மழையில் களிமண் தரையில் முதல் பாதியை ஆடினால், 45 நிமிட முடிவில் 15 மி.மீ. தண்ணீர் தேங்கி நிற்கும். அளந்தால் 1,07,100 லிட்டர். பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., அதாவது விட்டம் 22 செ.மீ. ஒன்றரைச் செ.மீ. தண்ணீரில் அது மிதக்காது. ஆனால் உருளவும் மறுக்கும். உதைத்த பந்து ஐந்தடி போய் நின்றுவிடும். பின்னால் ஓடிவந்தவர் அதைத் தாண்டிச் சறுக்கிப் போவார். இதற்குத்தான் மைதானத்தை நடுவில் லேசாக மேடாக்கி இருபுறமும் சரிவு கொடுப்பது. நூற்றுக்கு அரை என்று சரிவு வைத்தாலும் நடுவிலிருந்து ஓரம் வரையிலான 34 மீட்டரில் 17 செ.மீ. இறக்கம். தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரியும் தரை உண்மையில் மிக மெல்லிய கூரை.

ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் நடுவர் ஒருவருக்குத்தான். பந்து உருள்கிறதா, எழும்புகிறதா, கோடுகள் தெரிகின்றனவா என்று நடந்து பார்த்து முடிவு சொல்வார். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குள் என்றால் எல்லோரும் உள்ளே; கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்து வெளியே என்பது பரவலான நடைமுறை. கைவிடப்பட்ட ஆட்டம், போட்டி விதிகள் வேறு சொல்லாவிட்டால், மறுபடி ஆடப்படும். இவ்வளவுதான் சட்டம். வழக்கு, வாய்தா, ஆணையம் எதுவுமில்லை.

இவ்வளவு சிறிய முடிவுக்கும் பெரிய விலை உண்டு. 2000 மே 14 அன்று இத்தாலியின் பெருஜியா நகரில் யுவெண்டஸ் ஆடிய ஆட்டத்தின் இடைவேளையின்போது பேய்மழை. நடுவர் பியர்லூயிஜி கொலீனா ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து, தரையைச் சோதித்து, ஆட்டத்தைத் தொடரச் செய்தார். நனைந்த தரையில் யுவெண்டஸ் ஒரு கோல் வாங்கித் தோற்றது. புள்ளிப் பட்டியலில் லாசியோ 72, யுவெண்டஸ் 71. இத்தாலிய லீக் சாம்பியன் பட்டம் 1 புள்ளியில் கைமாறியது. நம் பக்கத்துக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 2015 டிசம்பர் 12 அன்று சென்னையில் நடந்திருக்க வேண்டிய சென்னையின் எஃப்சி அணியின் இந்தியன் சூப்பர் லீக் அரையிறுதி ஆட்டத்தை வெள்ளம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் புனேவுக்குத் துரத்தியது. வீட்டை இழந்த அணி அங்கே 3-0 என்று வென்று, பிறகு கோவாவில் கோப்பையையும் வாங்கியது.

இப்போது பேரேட்டின் அடுத்த பக்கம்.

மேகாலயாவுக்கு அண்டை வீடு இரண்டுதான். வடக்கிலும் கிழக்கிலும் அசாம், எல்லை நீளம் 884.9 கி.மீ. தெற்கில் வங்கதேசம், சுமார் 443 கி.மீ. மாநிலத்தின் சுற்றுவேலியில் மூன்றில் இரண்டு பங்கு அசாமுடன். அந்த வேலி ஒரு காலத்தில் ஒரே வீட்டுக்குள் போட்ட தடுப்புச் சுவர். 1874இல் அசாமின் தலைநகரமானதே ஷில்லாங்தான். மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையே கோட்டை இப்படி அப்படி நகர்த்தினால் யாருக்கும் வலிக்காது. 1951இல் காசி-ஜெயந்தியா மலைகளின் ‘பிளாக் 1’, ‘பிளாக் 2’ என்ற பகுதிகளை அன்றைய மிகிர் மலை மாவட்டத்தோடு சேர்த்து ஓர் அறிவிக்கை வந்தது. 1970 ஏப்ரல் 2 அன்று மேகாலயா தன்னாட்சி மாநிலமாகி, 1972 ஜனவரி 21 அன்று முழு மாநிலமானபோது மாவட்டக் கோடு மாநிலக் கோடானது. அசாம் 1951 அறிவிக்கையைக் காட்டியது. மேகாலயா அதை ஏற்க மறுத்தது. தகராறான இடங்கள் 12 என்று பட்டியலானது.

ஐம்பது ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் கழித்து, 2022 மார்ச் 29 அன்று டெல்லியில் அசாம் முதல்வர் ஹிமந்த பிஸ்வ சர்மாவும் மேகாலயா முதல்வர் கான்ராட் சங்மாவும் கையெழுத்திட்டார்கள். 12 இடங்களில் 6 இடங்கள் தீர்வு. வரலாறு, இனம், நிர்வாக வசதி, மக்கள் விருப்பம், நிலத் தொடர்ச்சி என்ற ஐந்து அளவுகோல்களை வைத்து 36 கிராமங்களைப் பிரித்தார்கள். எல்லையில் 70 சதவீதம் தகராறு நீங்கியதாக அன்று உள்துறை அமைச்சர் சொன்னார். பிரித்த பரப்பு 36.79 சதுர கி.மீ.; அசாமுக்கு 18.51, மேகாலயாவுக்கு 18.28.

இந்த எண்ணை மைதானமாக மாற்றுகிறேன். 36.79 சதுர கி.மீ. என்பது 5,153 கால்பந்து மைதானங்கள். 50 ஆண்டுகளுக்கு வகுத்தால் ஆண்டுக்கு 103; வாரத்துக்கு 2 மைதானம் என்ற வேகத்தில் இரு மாநிலங்களும் தீர்வு கண்டிருக்கின்றன. மேகாலயாவின் மொத்தப் பரப்பு 22,429 சதுர கி.மீ.; அதில் இது 0.16 சதவீதம். அசாமின் 78,438 சதுர கி.மீ. பரப்பில் 0.05 சதவீதம்கூட வராது. இரு பங்குக்கும் உள்ள வித்தியாசம் 0.23 சதுர கி.மீ., அதாவது 32 மைதானங்கள். பாகப்பிரிவினையில் இவ்வளவு நெருக்கமாக எந்தக் குடும்பமும் பிரித்திருக்காது. இருந்தும் மேகாலயா உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் எல்லைக்கல் நடத் தடை போட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது.

மிச்சமிருந்த 6 இடங்களின் விலை வேறு அலகில் எழுதப்பட்டது. லாங்பி என்ற ஊரில் 2010 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். 2022 நவம்பர் 22 அன்று, மார்ச் ஒப்பந்தத்துக்கு எட்டு மாதம் கழித்து, ஜெயந்தியா மலையின் முக்ரோ கிராமத்தில் மரம் ஏற்றிய லாரியை அசாம் வனத்துறையினர் மறித்ததில் தொடங்கிய மோதலில் 6 பேர்: மேகாலயாவைச் சேர்ந்த 5 கிராமவாசிகள், அசாமின் ஒரு வனக்காவலர். இறந்த கிராமவாசிகளின் குடும்பங்களுக்கு இரு அரசுகளும் தலா 5 லட்சம் ரூபாய் அறிவித்தன. மேகாலயாவின் 7 மாவட்டங்களில் 48 மணி நேரம் கைப்பேசி இணையம் நின்றது. அசாம் பதிவெண் வண்டிகள் மலையேற வேண்டாமென்று அசாம் காவல்துறை சொன்னது. பெட்ரோல் டேங்கர்கள் நின்றன. எந்தக் கணக்குப்பிள்ளையும் இந்த வரியின் கீழ் கூட்டல் போட முடியாது, ஆனால் 36.79 சதுர கி.மீ. என்ற எண்ணை யார் சொன்னாலும் இதையும் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கி.மீ. நகரத்தை விட்டுக் கிளம்பும்போதே கானாபாராவிலிருந்து ஜோராபாட் வரை நெடுஞ்சாலைதான் எல்லை போல இருக்கும். சாலையின் ஒரு பக்கம் அசாம், மறுபக்கம் மேகாலயா. மேகாலயப் பக்கம் மதுக்கடைகளும் பெட்ரோல் பங்குகளும் வரிசைகட்டி நிற்கும். எல்லைக்கோடு எங்கே என்று தெரியாதவர்கூட விலைப்பலகையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

இதே சாலையில்தான் கால்பந்தும் ஏறி இறங்குகிறது. 1983இல் தொடங்கிய ஷில்லாங் லஜோங், மலையின் சொந்த அணி. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது எட்டு வடகிழக்கு மாநிலங்களுக்கும் பொதுவாக ‘நார்த் ஈஸ்ட் யுனைடெட்’ என்ற அணி உருவானது. தளம் குவாஹாட்டி, உரிமையில் நடிகர் ஜான் ஆபிரகாமோடு ஆரம்பத்தில் பங்கு வைத்திருந்தது ஷில்லாங் லஜோங். அரசுகள் 12 இடங்களைப் பிரிக்க முடியாமல் தவித்த காலத்தில், மலையும் சமவெளியும் ஒரே அணியின் பங்குப் பத்திரத்தில் சேர்ந்தே இருந்தன. பிறகு லஜோங் விலகியது. 2024 ஆகஸ்டு 26 அன்று ஷில்லாங்கில் டூரண்ட் அரையிறுதியில் இரண்டும் மோதின. நார்த் ஈஸ்ட் 3, லஜோங் 0. ஐந்து நாள் கழித்து இறுதியில் மோகன் பகானை பெனால்டியில் வென்று நார்த் ஈஸ்ட் கோப்பையை எடுத்தது. கால்பந்திலும் மாநிலக் கோடு உண்டு. சந்தோஷ் டிராபி அதன்படி ஆடப்படுவதுதான். 2023 மார்ச் 4 அன்று ரியாத்தில் நடந்த இறுதியில் கர்நாடகத்திடம் 3-2 என்று மேகாலயா தோற்றது. முக்ரோ நடந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

ஷில்லாங் மைதானம் இருக்கும் போலோ பகுதியில் எண்ணிக்கைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அங்கே ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காசி வில்லாளர்கள் அம்பெய்வார்கள். இலக்கில் தைத்த அம்புகளை எண்ணி, கடைசி இரண்டு இலக்கத்தின் மேல் ஊரே பந்தயம் கட்டும். ‘தீர்’ என்று பெயர். அம்பை எண்ணுவதில் அங்கே எல்லைத் தகராறு வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

மழைப் பக்கத்தையும் எல்லைப் பக்கத்தையும் சேர்த்துத் தைப்பது தண்ணீர் இறங்கும் வழி. மேகாலயா மலையின் வடக்குச் சரிவில் விழும் மழை, 55 மீட்டர் உயரத்தில் கிண்ணம்போல் கிடக்கும் குவாஹாட்டியை நோக்கி வருகிறது. ஒரு சதுர கி.மீ. சரிவில் 50 மி.மீ. பெய்தால் 5 கோடி லிட்டர். காடு இருந்தால் அதில் கணிசமான பகுதி மண்ணில் தங்கும். சரிவை வெட்டி மண்ணைத் திறந்துவிட்டால் சேறோடு சேர்ந்து ஜோராபாட்டில் வந்து நிற்கும். 2024 ஆகஸ்டில் குவாஹாட்டி மூழ்கியபோது அசாம் முதல்வர் மேகாலயப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்காக மலை வெட்டப்பட்டதைக் காரணம் காட்டினார். அதற்கு மதச் சாயம் பூசிய சொல்லையும் பயன்படுத்தினார். குவாஹாட்டிக்குள்ளேயே வெட்டப்பட்ட குன்றுகளும் தூர்க்கப்பட்ட ஓடைகளும் அந்தப் பேச்சில் அடிபட்டுப் போயின. எல்லையின் வசதி அதுதான். தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால், இந்தப் பக்கத்து வடிகாலுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

தெற்குச் சரிவில் விழுவது வங்கதேசத்தின் சில்ஹெட்டுக்குப் போகிறது. 2022 ஜூனில் சிரபுஞ்சியில் 972 மி.மீ. கொட்டிய அந்த வாரத்தில் சில்ஹெட், சுனாம்கஞ்ச் பகுதிகள் மூழ்கின. பாதிக்கப்பட்டோர் சுமார் 72 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். இதே சில்ஹெட் 1874 முதல் 1947 வரை அசாமில் இருந்தது. 1947 ஜூலை 6, 7 தேதிகளில் நடந்த பொதுவாக்கெடுப்பில் பெரும்பகுதி பாகிஸ்தானுக்குப் போனது. இரண்டே நாளில் போட்ட ஓட்டு. 12 இடங்களுக்கு 50 ஆண்டு தேவைப்பட்டதோடு ஒப்பிட்டால் அவசரத்தின் விலை தாமதத்தின் விலையைவிடக் குறைவு என்றும் சொல்ல முடியாது. 2025 மார்ச் 25 அன்று ஷில்லாங்கில் இந்தியாவும் வங்கதேசமும் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆடின. ஆறு நாள் முன்னர் அதே தரையில் மாலத்தீவை 3-0 என்று இந்தியா வென்றிருந்தது. வங்கதேசத்துக்காக அன்று முதன்முறையாகக் களமிறங்கியவர் இங்கிலாந்தில் பிறந்து, லெஸ்டர் சிட்டி அணியில் வளர்ந்த ஹம்சா சௌத்ரி. அவர் குடும்பத்தின் பூர்வீகம் சில்ஹெட் பகுதியின் ஹபிகஞ்ச். 1947க்கு முன்னால் ஹபிகஞ்சுக்கும் மாகாணத் தலைநகரம் ஷில்லாங்தான். ஆட்டம் 0-0.

2025 ஜூன் 2 அன்று இரு முதல்வர்களும் குவாஹாட்டியில் மறுபடி உட்கார்ந்தார்கள். குவாஹாட்டி வெள்ளத்துக்குக் காரணமான சரிவுகளைச் செயற்கைக்கோள் படம் வைத்து அளக்கவும், ஐஐடி ரூர்க்கியைக் கேட்கவும் ஒப்புக்கொண்டார்கள். தீர்ந்த 6 இடங்களில் 5 இடங்களில் எல்லைக்கல் நடுவது என்றும், அதற்குக் கெடு ஆகஸ்டு 15 என்றும் சொன்னார்கள். மலைச்சரிவில் குழி தோண்ட ஜூலையைவிட மோசமான மாதம் கிடையாது என்பதை மழைக்கணக்கே சொல்லும். அந்த ஆண்டு டூரண்ட் கோப்பை ஜூலை 23இல் தொடங்கியது. மொத்தப் பரிசுத் தொகை 1.2 கோடியிலிருந்து 3 கோடியாக உயர்ந்திருந்தது. அரையிறுதியில் மீண்டும் அதே இரண்டு அணிகள், அதே ஷில்லாங் மைதானம், கல் நடும் கெடு முடிந்து நான்காம் நாளான ஆகஸ்டு 19. ஆட்டம் குறித்த நாளில் நடந்தது. நார்த் ஈஸ்ட் 1, லஜோங் 0.